பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) நோக்கம் என்றால் எங்கே படிப்பது: கனடா டிப்ளமோவா, ஆஸ்திரேலியா மாஸ்டர்ஸா?

உறையூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

எனக்கு 29 வயது. 2018இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் 6 ஆண்டாக டிசைன் வேலை. மனைவிக்கு 27 வயது, பி.எஸ்சி. நர்சிங், தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் 3 ஆண்டு அனுபவம். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

தில்லைநகரில் ஒரு கன்சல்டன்டைப் பார்த்தோம். கனடா, ஒன்டாரியோவில் 2 ஆண்டு பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ எடுத்தால் 3 ஆண்டு வேலை அனுமதி, மனைவிக்கும் உடனே ஓப்பன் வொர்க் பர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி), பி.ஆர். தானாக வந்துவிடும் என்கிறார். நண்பன் ஒருவன் மெல்போர்னில் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் பண்ணு என்கிறான். எதுவானாலும் 40 லட்சம் கடன். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைக்கத் தயாராக இருக்கிறார். 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தால் மாதத் தவணை 55,000 வருகிறது. இந்த எண்ணைப் பார்த்ததில் இருந்து தூக்கம் சரியாக இல்லை.

எங்கே படித்தால் பி.ஆர். வாய்ப்பு அதிகம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கால மதுரை

நண்பா, அந்த கன்சல்டன்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பின் சி.ஐ.பி. குறியீடு என்ன? அது வேலை அனுமதிக்கான பட்டியலில் இருக்கிறதா?" சி.ஐ.பி. என்பது படிப்பின் துறையைக் காட்டும் எண். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2024 நவம்பர் 1க்குப் பிறகு ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் டிப்ளமோ மாணவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி வேண்டுமென்றால், படிப்பு குறிப்பிட்ட துறைகளில் இருக்க வேண்டும். விவசாயம், மருத்துவம், அறிவியல்-தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து மாதிரி. பொதுவான பிசினஸ் மேனேஜ்மென்ட் அதில் கிடையாது. அதாவது 40 லட்சம் கட்டி 2 ஆண்டு படித்துவிட்டு, ஒரு நாள் வேலை அனுமதிகூட இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். பல்கலைக்கழக இளங்கலை, மாஸ்டர்ஸ், பி.எச்டி.க்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை.

மனைவிக்கு ஓப்பன் வொர்க் பர்மிட் என்பதும் பழைய கதை. 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் மாஸ்டர்ஸ், பி.எச்டி., சில தொழில்முறைப் பட்டங்கள் படிப்பவரின் துணைக்கு மட்டும்தான். டிப்ளமோ படிப்பவரின் துணைக்கு இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2022இல் ஒன்டாரியோ வந்தேன், 2 ஆண்டு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. படிக்கும்போது வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட். பனியில் பேருந்துக்கு நின்று, விடியற்காலை வந்து, பத்து மணி வகுப்புக்கு ஓடுவேன். 14 மாதச் சம்பளச் சீட்டையும் ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன், பி.ஆர்.க்குக் காட்டலாம் என்று. முழுநேர மாணவனாக இருக்கும்போது செய்த வேலை கனடா அனுபவக் கணக்கில் சேராது. அதுவும் கனடா வேலைகளைத் திறன் அளவில் டீர் 0 முதல் 5 வரை பிரிக்கிறது, பெட்டி தூக்குவது டீர் 5. டீர் 0 முதல் 3 வரைதான் செல்லும். இரண்டு வகையிலும் அந்தக் கோப்புக்கு மதிப்பில்லை என்று ஒருநாள் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு நல்ல வேலை கிடைத்து ஓர் ஆண்டு முடித்தேன். இப்போது 31 வயது, தனி ஆள், ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.இல் சி.எல்.பி. (கனடா மொழி அளவுகோல்) 9. பி.ஆர்.க்கு ஆட்களை வரிசைப்படுத்தும் சி.ஆர்.எஸ். புள்ளி 494. முதலாளி எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அரசு தரும் ஒப்புதல்) எடுத்துத் தருகிறேன் என்றார், 50 புள்ளி கூடும் என்று காத்திருந்தேன். அது கைக்கு வருவதற்குள் 2025 மார்ச் 25 அன்று வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளியையே எடுத்துவிட்டார்கள். கனடா அனுபவப் பிரிவில் 2025 முழுக்கக் கட்-ஆஃப் 515க்குக் கீழே வரவில்லை.

இப்போது மாலையில் பிரெஞ்சு படிக்கிறேன். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான ட்ராவில் (புள்ளி வரிசைப்படி அழைக்கும் சுற்று) 2025 மார்ச்சில் 379 புள்ளிக்கே அழைத்தார்கள். மொழி ஒன்று இத்தனை பெரிய வித்தியாசம் செய்யும் என்று 2021இல் யாராவது சொல்லியிருந்தால், மதுரையில் இருக்கும்போதே ஆரம்பித்திருப்பேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வல்வை மைந்தன்

தம்பி, நான் 1991 தொடக்கம் ரொறன்ரோவில் இருக்கிறேன். எங்கள் காலம் வேறு, வந்த வழியும் வேறு. ஆனால் இப்ப வாற பிள்ளையளைப் பார்க்கிறேன், எல்லாரும் பிரம்டனிலும் ஸ்காபரோவிலும்தான் வந்து இறங்குகினம். ஒரு பேஸ்மென்றில் ஆறு பேர். கனடா என்று முடிவெடுத்தால் அத்திலாந்திக் மாகாணங்களையும் ஒருக்கால் பாருங்கோ. நோவா ஸ்கோசியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூபவுண்ட்லாந்து. அங்கே அத்திலாந்திக் குடிவரவுத் திட்டம் 2022இல் இருந்து நிரந்தரமாக இருக்குது. அங்கேயே 2 வருசம் படிச்ச பிள்ளைக்கு முன் அனுபவம் கேட்க மாட்டினம், ஆனால் அங்கீகரிச்ச முதலாளி ஒருவர் வேலை தரவேணும். அந்த முதலாளியைத் தேடிப் பிடிக்கிறதுதான் கஷ்டம். என்ர தங்கச்சியின்ர மகன் மொங்ரனில் எட்டு மாசம் தேடித்தான் எடுத்தவன்.

நெல்லைச் செவிலி

தம்பி, பதிவைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி: மனைவி ஐ.சி.யூ. நர்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் நீங்கள் படிக்கப் போவதைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள்?

நான் பாளையங்கோட்டை. 12 ஆண்டு ஊரில் வேலை பார்த்துவிட்டு அடிலெய்டு வந்தேன். இங்கே ஒரு பாடமும் படிக்கவில்லை, மாணவர் விசா எடுக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் சிவில் இன்ஜினியர், அவர் என் விசாவில் வந்தார். எங்களுக்கும் முதலில் சொன்னது அவர் படிக்க வேண்டும், நான் கூடப் போக வேண்டும் என்றுதான்.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர் ஆஸ்திரேலியாவில் பதிவு வாங்குகிற வழி இப்படி இருக்கிறது. முதலில் மருத்துவப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான அஃப்ராவில் சுய சோதனை. பிறகு என்கிளெக்ஸ் என்கிற நர்ஸ்களுக்கான கணினித் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். அதில் தேறினால் அடிலெய்டில் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு, அதற்கு நேரில் வர வேண்டும், கட்டணம் 4,000 டாலர். பதிவு கிடைத்ததும் விசாவுக்காக நர்சிங் தகுதியைப் பார்க்கும் ஆன்மாக் மதிப்பீடு, அதற்குப் பிறகு விசா விண்ணப்பம். ஆங்கிலத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். 7 கேட்பார்கள். எழுத்துப் பகுதிக்கு 6.5 போதும் என்று 2025இல் அஃப்ரா தளர்த்தியது. ஆனால் விசாவில் 10 புள்ளி வேண்டுமென்றால் நான்கிலும் 7 வேண்டும், அதனால் 7 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்கிளெக்ஸ் 85 கேள்வியிலும் நிற்கும், 150 வரையும் போகும். எனக்கு 91இல் திரை நின்றது. பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்கிதான் நம் ஊர் நர்ஸ்களைச் சோதிக்கும். பத்து நிலையம், ஒவ்வொன்றிலும் 2 நிமிடம் குறிப்பைப் படித்துவிட்டு 8 நிமிடத்தில் செய்து காட்ட வேண்டும். கை வேலையில் நாம் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் 40 படுக்கை வார்டில் வேலை பார்த்த நமக்கு, ஒரு பி.பி. எடுக்கும் முன் "உங்கள் முழுப்பெயர் சொல்லுங்கள், பிறந்த தேதி சொல்லுங்கள், நான் உங்கள் கையைத் தொடலாமா" என்று கேட்டுப் பழக்கமில்லை. கேட்காவிட்டால் புள்ளி போய்விடும். நான் மூன்று மாதம் என் அம்மாவைப் படுக்க வைத்துத் தினமும் கேட்டேன். அம்மா கடைசியில் பிறந்த தேதியைத் தூக்கத்திலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

செலவு? விசாக் கட்டணம், விமானம், தேர்வுகள், ஆஸ்கிக்காக வந்து தங்கியது எல்லாம் சேர்த்து எங்கள் நான்கு பேருக்கு 14 லட்சம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.

இப்போது ஆஸ்திரேலிய விசாவுக்கு உங்கள் மனைவியின் புள்ளிகளைப் போடுகிறேன். வயது 25–32க்குள், 30. இளங்கலை, 15. நான்கிலும் 7 எடுத்தால் 10. மூன்று ஆண்டு அனுபவம், 5. நீங்கள் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவில் மதிப்பீடு வாங்கி, ஐ.இ.எல்.டி.எஸ்.இல் 6 எடுத்தால் துணைக்கான 10. ஆக 70. மாநில நாமினேஷன் (ஒரு மாநிலத்தின் பரிந்துரை) கிடைத்தால் 190 என்கிற நிரந்தர விசாவுக்கு இன்னும் 5. 491 என்கிற தற்காலிகப் பிராந்திய விசா என்றால் 15. ஆங்கிலத்தில் 8 தொட்டால் 10க்குப் பதில் 20.

இதோடு தமிழுக்கே 5 புள்ளி இருக்கிறது. நாட்டி சி.சி.எல். என்று ஒரு தேர்வு, அதில் தமிழும் ஒரு மொழி. இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் சுமார் 300 சொல். ஆங்கிலத்தில் ஒருவர் பேசுவார், தமிழில் ஒருவர் பேசுவார், நடுவில் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 29க்குக் குறையக் கூடாது. தமிழ்தானே என்று போனவர்கள் நிறையப் பேர் தவறவிட்டார்கள். ஏனென்றால் வாடகை ஒப்பந்தம், பிணை, முன்பணம், ஈட்டுறுதி, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் நம் வாயில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. நான் தினத்தந்தியைச் சத்தமாகப் படித்துப் பழகினேன். நீதிமன்றச் செய்திதான் அதிகம் உதவியது.

ஒன்றை யோசியுங்கள் தம்பி. ஆஸ்திரேலியாவில் 2 ஆண்டு படித்தால் புள்ளிப் பட்டியலில் அதற்கு நேரடியாகக் கிடைப்பது 5. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் படித்தால் இன்னொரு 5. 40 லட்சத்துக்கு அவ்வளவுதான். அந்த 5ஐத் தமிழ் படித்து வாங்கலாம்.

ஈரோடு மஞ்சள்

அண்ணா, ஜெர்மனியை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நானும் மெக்கானிக்கல்தான். கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன்.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் 2024 முதல் இன்னும் அதிகம். பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் மட்டும் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், அது நம் செலவுக்கே மாதாமாதம் திரும்பி வரும். நம் கல்விச் சான்றுகள் உண்மை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழ் முதலிலேயே எடுக்க வேண்டும். படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம். படிப்புக்குத் தகுந்த வேலையில் 2 ஆண்டு, 24 மாத ஓய்வூதியச் சந்தா, பி1 அளவு (நடுத்தர) ஜெர்மன் இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். புள்ளி, ட்ரா, கட்-ஆஃப் எதுவும் கிடையாது. விதி என்ன கேட்கிறதோ அதைச் செய்தால் கிடைக்கும். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆலை ஜெர்மனில் நடக்கும். அதற்கு அடுத்த அளவான பி2 இல்லாமல் மெக்கானிக்கலில் வேலை கிடைப்பது கடினம். நான் 140 விண்ணப்பம் போட்டேன். வாகனத் துறையும் சுருங்குகிறது; 2030க்குள் 35,000 பணியிடங்களைக் குறைப்பதாக ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டது. என் வகுப்பில் மொழியைத் தள்ளிப் போட்ட இரண்டு பேர் 18 மாதம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள்.

அக்கா சொன்னது இங்கேயும் பொருந்தும். நர்ஸ்களுக்கு இங்கே பெரிய தட்டுப்பாடு. பொதுவாக பி2 மொழி, பட்டத்துக்கு அங்கீகாரம், தேவைப்பட்டால் ஒரு தேர்வோ மருத்துவமனைப் பயிற்சியோ. அண்ணியும் மொழி கற்க வேண்டும், அதற்கு ஒரு வருடம் ஒதுக்க வேண்டும்.

சேலத்து மாம்பழம்

லண்டன் பற்றியும் ஒரு வரி. ஓர் ஆண்டு மாஸ்டர்ஸ் என்று சீக்கிரம் முடியும், அதனால் பலரும் வருகிறார்கள். 2024 ஜனவரி முதல் சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர் குடும்பத்தை அழைத்து வர முடியாது. படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக ஏறியது. ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வருவதற்கு இது வழி இல்லை.

உறையூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. கன்சல்டன்டிடம் சி.ஐ.பி. குறியீடு கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார், இந்த வாரம் சீட் டெபாசிட் கட்டுங்கள்" என்றார். எழுத்தில் தர மாட்டேன் என்றதும் எழுந்து வந்துவிட்டேன்.

நெல்லை அக்காவின் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நீ அங்கே போய் என்ன பண்ணுவ?" என்றார். அதுதான் எனக்கும் கேள்வி, அக்கா. தப்பாக நினைக்காதீர்கள். அவள் பெயரில் போனால் எனக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா? கல்லூரிச் சான்றிதழ் செல்லுமா?

நெல்லைச் செவிலி

தப்பாக நினைக்க இதில் ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரரும் இதே கேள்வியோடுதான் ஒரு மாதம் சுற்றினார்.

190 கிடைத்தால் குடும்பத்தில் எல்லோருக்கும் முதல் நாளில் இருந்தே பி.ஆர். முதன்மை விண்ணப்பதாரர் யார் என்பது விண்ணப்பத்தோடு சரி. நீங்கள் எந்த வேலையும் செய்யலாம், படிக்கவும் படிக்கலாம். அப்போது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணத்தில் படிக்கலாம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் இல்லை. மெல்போர்ன் மாஸ்டர்ஸ் ஆசை இருந்தால் அதை அப்போது நிறைவேற்றுங்கள்.

சான்றிதழ் விஷயம்: இந்தியா 2014 ஜூனில், பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. நீங்கள் படித்த பாடப்பிரிவுக்கு அந்த ஆண்டில் என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) டயர்-1 அங்கீகாரம் இருந்ததா என்று கல்லூரியில் கேளுங்கள். இருந்தால் மதிப்பீடு சுலபம். இல்லாவிட்டால் சி.டி.ஆர். என்கிற திறன் அறிக்கை எழுத வேண்டும், நீங்கள் செய்த மூன்று வேலைகளைப் பற்றி "நான் இதைக் கணக்கிட்டேன், நான் இதை மாற்றினேன்" என்று விரிவாக. தயவுசெய்து காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நகல் என்று பிடித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், தடையும் வரும்.

பனிக்கால மதுரை

அக்கா சொல்வதை ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். மாநில நாமினேஷன் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். கனடாவிலும் மாகாண நாமினேஷன் இலக்கை 2025இல் 1,10,000இல் இருந்து 55,000 ஆகக் குறைத்தார்கள். ஒரே நாட்டின் மேல் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்.

உங்கள் மனைவிக்கு கனடா சி.ஆர்.எஸ். போட்டுப் பார்த்தேன், உங்களையும் சேர்த்து 430 பக்கம் வருகிறது. மருத்துவத் துறை ட்ராக்கள் 2025 பிற்பாதியில் 460–470களில் இருந்தன. பிரெஞ்சில் என்.சி.எல்.சி. (கனடாவின் பிரெஞ்சு மொழி அளவுகோல்) 7 எடுத்தால் 60 புள்ளி கூடும், அப்போது 490 தாண்டும். அதுவும் ஊரில் இருந்தபடியே. என்கிளெக்ஸ் கனடாவுக்கும் பயன்படும், அதனால் அந்த உழைப்பு எந்த நாட்டுக்குப் போனாலும் வீணாகாது.

ஈரோடு மஞ்சள்

மதுரை அண்ணா சொன்ன கடைசி வரி முக்கியம். நாட்டைப் பார்த்து ஆரம்பித்தால் அந்த நாடு விதியை மாற்றும் அன்று கையில் ஒன்றும் மிஞ்சாது. என் ஜெர்மன் மொழி ஆஸ்திரியாவிலும் செல்லும், சுவிட்சர்லாந்திலும் செல்லும்.

காவிரிக்கரை

வணக்கம். உறையூர்க்காரர் வீட்டில் இருந்து நான் எழுதுகிறேன். மூன்று நாளாக எல்லாப் பதிவுகளையும் நைட் டூட்டி இடைவேளையில் படித்தேன். நெல்லை அக்கா, உங்கள் ஆஸ்கி பத்தியைப் படித்துவிட்டு அன்றைக்கே எங்கள் யூனிட்டில் ஒரு தாத்தாவிடம் "ஐயா, பி.பி. பார்க்கட்டுமா, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் பயந்துபோய், "ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

நாங்கள் முடிவு செய்திருப்பது: கடன் வாங்கவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். நான் மார்ச்சில், அவர் ஏப்ரலில். என்கிளெக்ஸுக்கு இப்போதே படிக்க ஆரம்பிக்கிறேன். அவர் கல்லூரிக்குப் போய் என்.பி.ஏ. சான்று கேட்டிருக்கிறார். பத்திரத்தை மாமா திரும்ப உள்ளே வைத்துவிட்டார். குழந்தையை மாலை நேரத்தில் அத்தை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய பலம்.

ஒரு சந்தேகம் அக்கா. சி.சி.எல்.லுக்குப் பயிற்சி எடுத்துப் பார்த்தேன். "உங்கள் காப்பீட்டில் முதல் 500 டாலரை நீங்களே கட்ட வேண்டும்" என்கிற ஒரு வாக்கியத்தில் தொகை நினைவிருக்கிறது, தேதி மறந்துபோகிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?

நெல்லைச் செவிலி

குறிப்பு எடுக்க அனுமதி உண்டு தங்கச்சி. ஒரு துண்டு 35 சொல்லுக்கு மேல் போகாது. சொற்களை எழுதாதே, எண், தேதி, பெயர் மூன்றை மட்டும் எழுது, மற்றது தானாக வரும். தாளை நடுவில் கோடு போட்டு இடது பக்கம் எண், வலது பக்கம் பெயர் என்று வைத்துக்கொள். ஓர் உரையாடலில் ஒரு தடவை திரும்பச் சொல்லச் சொன்னால் புள்ளி குறையாது, அதைக் கடைசித் துண்டு வரை செலவழிக்காமல் வைத்திரு.

ஞாயிறு உங்கள் நேரம் மதியம் 2 மணிக்கு எனக்கு ஷிப்ட் இல்லை. உள்பெட்டியில் எண் அனுப்பு, நான் வங்கி மேலாளர், நீ மொழிபெயர்ப்பாளர், உன் வீட்டுக்காரர் வாடிக்கையாளர். தமிழ்ப் பக்கத்தை அவர் படிக்கட்டும்.